வெயிலுக்கு லேசாக ஒன்று

சென்ட் தெளித்த நான்காவது காகிதக் கீற்றும் லேசாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் ஊசிமுனை போல் ஒரு குளிர்ச்சி உள்ளே ஏறி, புருவங்களுக்கு நடுவே ஒரு கணம் நின்று, வந்த சுவடு தெரியாமல் கரைந்தது. இதைத்தானே கேட்டோம், வந்ததும் தெரியக்கூடாது போனதும் தெரியக்கூடாது, வெயில் காலத்தில் ஒரு பெண்ணிடம் உலகம் எதிர்பார்ப்பது அதைத்தானே என்று மங்கையர்க்கரசி நினைத்துக்கொண்டாள். உலகம் என்பது பெரிய வார்த்தை. உலகம் என்றால் இப்போதைக்குப் பிலோமினா. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் மூன்றாமாண்டு வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு இன்று மங்கையர்க்கரசி வெளித்தேர்வாளர், அந்தக் கல்லூரியின் ஆசிரியை பிலோமினா உள்தேர்வாளர். கரூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி வந்து, பகல் முழுவதும் ஆய்வகத்தின் வெக்கையில் நின்று, நாளின் முடிவில் கை கழுவும் தொட்டியருகே அவளுக்குக் கிடைத்த மரியாதை இது: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சித்திரை வெயில் பாருங்க, இந்த நேரத்துக்கு லேசா ஏதாவது சென்ட் போட்டா உங்களுக்கே நல்லா இருக்கும்." தப்பா எடுத்துக்காதீங்க என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் சரியாக எடுத்துக்கொள்ள வழி கிடையாது. அவளும் சும்மா விடவில்லை. "லேசா இருக்கணும்னா பச்சைத் தண்ணியத்தான் தெளிச்சுக்கணும் பிலோமினா" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். ஏறிய உடனே ஆட்டோக்காரர் இரண்டு பக்கத்துத் தார்ப்பாயையும் சுருட்டி மேலே கட்டினார். காற்று வரட்டும் என்று கட்டுகிறார், நல்ல மனிதர் என்று அப்போது தோன்றியது. பேருந்து நிலையம் போகும் வழியில் இந்தக் குளிரூட்டிய வாசனைக் கடையைக் கண்டதும் "நிறுத்துங்க" என்றாள். பசியில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறவர்கள் உண்டு. கோபத்தில் எந்தக் கடைக்குள்ளும் நுழைகிறவள் அவள்.

கழுத்துப் பட்டையில் நஸ்ரின் என்று பெயர் தொங்கவிட்டிருந்த விற்பனைப் பெண் சளைக்கவில்லை. "இது எலுமிச்ச, நார்த்தங்கா சேந்த மாதிரி மேம், சம்மருக்கு இதான் நிறையப் போகுது" என்று ஒரு கீற்றை நீட்டினாள். லேசாத்தான் இருக்கு என்றாள் மங்கையர்க்கரசி. "இது வெட்டிவேர் மேம், பானைத் தண்ணி மாதிரி குளுகுளுன்னு." அதுவும் லேசு. "இது வெள்ளைப் பூ, மல்லி, சம்பங்கி." அதுவும் லேசுதான், லேசிலேயே இத்தனை ரகம் வைத்து ஏன் ஏமாற்றுகிறார்கள், எல்லாம் ஒரே பீப்பாயிலிருந்து பிடித்து வேறு வேறு சீசாவில் ஊற்றுகிற வேலையாகத்தான் இருக்கும். நான்காவதற்கும் அதையே சொன்னபோது நஸ்ரின் சிரித்தாள். "மேம், இது லேசு இல்ல மேம். இதான் கடையிலயே ஹெவி. ராத்திரிக் கல்யாணத்துக்குப் போடறது. வித்தியாசம் தெரியட்டும்னு சும்மா குடுத்தேன்." எனக்கு இது லேசு, உனக்கு ஹெவின்னா நீ போட்டுக்காதே என்று மங்கையர்க்கரசி வெட்டினாள். "நான் எங்க மேம் போடறது? நாள் பூரா இதுக்குள்ளயே நிக்கிறேன். வீட்டுக்குப் போனா எங்கம்மா வாசல்லயே துண்டக் குடுத்து, குளிச்சிட்டு உள்ள வாடி சீமாட்டின்னு அனுப்பிடறாங்க." கெட்டிக்காரப் பெண், வெட்டினாலும் ரத்தம் வராத தோல். தன் வகுப்பில் இப்படி ஒருத்தியாவது இருந்தால் நன்றாயிருக்கும், எல்லாம் தொட்டால் சிணுங்கிகள், கேள்வி கேட்டால் கண்ணில் தண்ணீர். இன்று காலையில் கூட ஒருத்தி. அதை இப்போது நினைக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, முடிந்தது.

"ரொம்ப நேரம் மோந்தா மூக்கு கொழம்பிடும் மேம்" என்று நஸ்ரின் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே வறுத்த காபிக் கொட்டை, கறுத்து, எண்ணெய் மினுமினுக்க. "இத நல்லா இழுத்து மோந்துக்கோங்க. மூக்கு பழையபடி ஆயிடும், அப்புறம் அடுத்தது பாக்கலாம்." மங்கையர்க்கரசி குனிந்து இழுத்தாள். குளிர்ச்சி இல்லை. ஊசிமுனை இல்லை. இன்னொரு முறை, கிண்ணத்தின் விளிம்பு மேலுதட்டில் பட, நெஞ்சு நிறைய இழுத்தாள். காற்று உள்ளே போனது, காற்று வெளியே வந்தது. கடையின் குளிர்காற்று, அவ்வளவுதான். என்னம்மா இது, போன வருஷத்துக் கொட்டையா என்று கேட்டாள். "காலைலதான் மேம் மாத்தினேன்" என்று அந்தப் பெண் கிண்ணத்தைத் தன் முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "கும்முனு வருதே" என்றாள். பக்கத்தில் மகளோடு நின்றிருந்த ஓர் அம்மாள், யாரும் கேட்காமலே எட்டி மோந்துவிட்டு, "அடியே, எனக்கு இப்பவே ஒரு டம்ளர் காபி வேணும்டி, செண்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். மகள் சிரித்தாள், நஸ்ரின் சிரித்தாள், மங்கையர்க்கரசியும் சிரித்தாள். சிரித்தது வாய்தான்.

காபி வாசனை வரவில்லை. காபி. வேறு எது வராமல் போயிருந்தாலும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், காபிக்கு என்ன சமாதானம்? ஜலதோஷம் இல்லை, மூக்கடைப்பு இல்லை, மூச்சு மதகு திறந்த வாய்க்கால் போல் ஓடுகிறது. அப்படியானால் இன்று காலை குடித்த காபி? குடித்தாள், சூடாக இருந்தது, கசந்தது. நேற்றும் சூடாக இருந்தது, கசந்தது. கரூரில் காபித்தூள் கடைக்காரரிடம் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது, சிக்கரிய அள்ளிக் கொட்டி அரைச்சிட்டு காபித்தூள்னு விக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா என்று நடுக்கடையில் கேட்டாள். அவர் பாவம், கைநிறையத் தூளை எடுத்து நீட்டி, நீங்களே மோந்து பாருங்கம்மா என்றார். மோந்து பார்த்துவிட்டுத்தான் திட்டினாள். பிறகு வேறு கடை, அதற்குப் பிறகு இன்னொன்று. கடைக்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நம்ப அவளுக்குச் சிரமமாகவே இருக்கவில்லை. திருட்டுப் போனது தன் முகத்தின் நட்டநடுவிலிருந்து என்பது மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. இல்லை, இருக்காது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்கிறவள் அவள், ஒன்றுக்கு இரண்டாகச் செய்துபார், ஒப்பிடத் தெரிந்த பொருளை வைத்துச் செய்துபார். மதியச் சாப்பாட்டோடு கொடுத்த கமலா ஆரஞ்சு கைப்பைக்குள் கிடந்தது. எடுத்து, கட்டைவிரல் நகத்தை அழுத்தி இறக்கினாள். தோலிலிருந்து எண்ணெய்த் தூவல் பொடிப்பொடியாகக் கிளம்பியது, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாலேயே பார்த்தாள், அதில் ஒரு துளி கண்ணில் தெறித்து எரிந்தது, கண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை. பழத்தைப் பிளந்து மூக்கில் அப்பிக்கொண்டாள். ஈரமாக இருந்தது. நஸ்ரின், "மேம், டிஷ்யூ தரட்டுமா?" என்று கேட்டாள். பழச்சாறு வழியும் முகத்தோடு, வாசனைக் கடை நடுவில், ஒரு கல்லூரிப் பேராசிரியை நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் வேறென்னதான் கேட்பாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள், புடவைத் தலைப்பை முகத்தில் வைத்து இழுத்தாள், ஒன்றுமில்லை. மணிக்கட்டை இழுத்தாள், ஒன்றுமில்லை. காலையில் அந்த மணிக்கட்டில் எத்தனை முறை அடித்துக்கொண்டாள்? நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்து தந்த ஊதா நிறச் சீசா. முன்பெல்லாம் கழுத்தில் ஒரு தரம், மணிக்கட்டில் ஒரு தரம், ஆண்டு முழுவதும் வரும். இப்போது சீசா சீக்கிரம் காலியாகிறது, தண்ணீர் கலந்து விற்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொசுவத்தில், முந்தானையில், ஜாக்கெட்டின் முதுகில், துணி நனையும் வரைக்கும் அடிக்கிறாள். கணவர் குமரகுரு போன கோடையில் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார், உள்ளே புழுக்கமா இருக்கு அரசி என்றார். மழைக்காலம் வந்தும் அவர் திரும்பி வரவில்லை. அவள் அதற்கு ஆயிரம் பொருள் கொண்டாள், வயது, சலிப்பு, கைபேசி, பேசக் கூச்சமான வேறு சில. ஓர் இரவு எழுந்து போய் அவர் கைபேசியைக் கூட நோண்டினாள், அதில் வருமான வரிச் சுற்றறிக்கைகளும் பேசும் கிளியின் காணொளியும் தவிர வேறொன்றும் இல்லை. அட மனுஷா. உன் சென்ட் நாற்றம் தாங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சாம்பாரை வாயில் வைத்துவிட்டு வயிறு சரியில்லை என்று எழுந்து போனாரே, அவள் மிச்சத்தையும் அமைதியாகச் சாப்பிட்டு முடித்து, மறுநாள் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளே, அது கெட்டுப் போயிருந்ததா? மேல்வீட்டுப் பெண் கதவை உடைப்பது போல் தட்டி, "அக்கா, கேஸ் நாத்தம் மாடி வரைக்கும் வருது, உள்ள யாரும் இல்லையா?" என்று அலறியபோது, நான் அடுப்பு முன்னாடிதான் நிக்கிறேன், ஒண்ணும் வரல, உன் வீட்டச் சோதிச்சுப் பாரு என்று விரட்டினாள். அந்தப் பெண் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து குமிழைத் திருகினாள். தீப்பெட்டி அப்போது கையில்தான் இருந்தது. உரசியிருந்தால்? கையில் இருந்த ஆரஞ்சைக் கண்ணாடி மேசைமீது வைத்தாள். அது உருண்டது, நஸ்ரின் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நெடி தெரிகிறதே. ஆய்வகத்தில் அம்மோனியா வந்தால் தலை பின்னால் வெட்டிக்கொள்கிறதே, குளோரின் வந்தால் தொண்டை பிடிக்கிறதே, அவள்தானே முதலில் இருமி ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள், அப்புறம் எப்படி மூக்கு போயிருக்கும் என்று ஓர் ஆறுதல் எட்டிப் பார்த்தது, எட்டிப் பார்த்த வேகத்திலேயே அதன் கழுத்தை அவள் படிப்பு திருகியது. அது மணம் இல்லை, எரிச்சல். மணத்துக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கு இன்னொன்று. தைலமும் அமிலமும் மிளகாய்ப் புகையும் குத்துவது மணம் அறியாதவனையும் குத்தும். பெருந்தொற்றுக் காய்ச்சலில் எல்லோருக்கும் போல அவளுக்கும் மூக்கு போயிற்று. எல்லோருக்கும் போலத் திரும்பி வரும் என்றார்கள், கட்டிலில் கிடந்தபடியே தைலக் குப்பியைத் திறந்து மோந்தாள், சுரீரென்றது, வந்துவிட்டது என்று வீட்டில் அறிவித்தாள். அறிவித்தால் அவள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது. அன்றிலிருந்தா? அல்லது அப்போது உண்மையிலேயே கொஞ்சம் வந்து, பிறகு விளக்கில் எண்ணெய் வற்றுவது போல் நாளாவட்டத்தில் வற்றியதா? சாராயத்தில் கரைத்த வாசனைச் சீசாக்கள் வரிசையாக நின்ற இந்தக் கடையில் அவள் லேசு லேசு என்று மெச்சியது எதை? கீற்றிலிருந்து ஆவியாகும் சாராயத்தின் சில்லென்ற குத்தலை. இத்தனை காலமும் வலியை மணம் என்று எண்ணி வாழ்ந்திருக்கிறாள், அதற்கு வேறு மதிப்பெண் போட்டிருக்கிறாள். மதிப்பெண். அந்தச் சொல் வந்ததும், வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளி வைத்திருந்தது தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

இலக்கியா. முசிறிப் பக்கத்து ஏதோ ஒரு ஊர்ப் பெண், வெளுத்த ஆய்வகக் கோட்டு, காதில் வேப்பங்குச்சி. தரப்பட்ட கரிமச் சேர்மம் இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்துவிட்டாள், பென்சாயிக் அமிலம், சரியான விடை. அங்கேதான் மங்கையர்க்கரசிக்குப் பொறி தட்டியது. சாராயமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, சோடா உப்புக் கரைசலில் ஊற்றினால் பழ மணம் வர வேண்டும், தாளில் 'பழ மணம் வந்தது' என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள், கண்ணாடி முகவையை எடுத்து மோந்தால் ஒன்றுமில்லை. சோதனையைச் செய்யாமலே விடையை எழுதியிருக்கிறாள், விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, ஆய்வக உதவியாளரைப் பிடித்துச் சேர்மத்தின் பெயரை வாங்கியிருக்கிறாள். ஊர் உலகத்தில் நடக்காததா? "பேர யாரு சொன்னா உனக்கு?" "யாரும் சொல்லல மேடம். சத்தியமா மேடம்." "சத்தியமெல்லாம் கோயில்ல போய்ப் பண்ணு, இங்க முகவையில காட்டு." "வந்துச்சு மேடம், அன்னாசிப்பழம் மாதிரி வந்துச்சு, மோந்து பாருங்க மேடம்." "மோந்துட்டுத்தான் கேக்கறேன். எனக்கு என்ன மூக்கா அறுந்து போச்சு?" பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடி செய்யச் சொன்னாள். அந்தப் பெண் செய்தது. தோளுக்கு மேல் குனிந்து, முந்தானை அந்தப் பெண்ணின் கையில் உரச, ஒவ்வொரு துளியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊற்றியது. குனிந்து மோந்தது. தயங்கியது. இப்ப சொல்லு, வருதா? "இப்ப... இப்ப வேற வாசனை வருது மேடம்." வேற வாசனைன்னா? அந்தப் பெண் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு அவள் புடவையைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. சொல்லு, என்ன வாசனை? சொல்லவில்லை. கண்ணீர் முகவைக்குள் விழுந்தது. திருடி மாட்டிக்கொண்டவளின் மௌனம் என்று மங்கையர்க்கரசி அதைப் படித்தாள், 'விளக்கம் கேட்டபோது மாணவி பதிலளிக்கவில்லை' என்று முறைகேட்டு அறிக்கையில் முத்து முத்தாக எழுதினாள். அறிக்கை மேலே போனால் இந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்து, மேற்படிப்பு போகும், பெயரோடு திருட்டுப் பட்டம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் மௌனமாக இருந்தது எதற்காக என்று, ஆரஞ்சுச் சாறு உலர்ந்து பிசுபிசுக்கும் மேலுதட்டோடு, இந்தக் கடையில் நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. உங்கள் சென்ட் வாசனை மேடம் என்று சொல்ல வேண்டும். வெளித்தேர்வாளரைப் பார்த்து, இருபது வயதுப் பெண், அதைச் சொல்ல வேண்டும். திருடி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று அது மரியாதை காத்திருக்கிறது.

கண்ணாடிக் கதவோரம் போய்ப் பிலோமினாவை அழைத்தாள். விடைத்தாள் கட்டோடு அறிக்கையையும் எடுத்துப்போகும் வண்டி வந்துவிட்டதா என்று முதலில் கேட்டாள். "இல்ல மேடம், ஆறு மணிக்குத்தான். கட்டிட்டோம், அரக்கு வெக்கணும். எதையாவது மறந்து வெச்சிட்டீங்களா?" அந்தப் பொண்ணோட அறிக்கைய எடுத்துடுங்க என்றாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, பெரிய மனது பண்ணுகிற குரல். ஆனாலும் அந்தக் குரலிலேயே தொடர்ந்தாள், சின்னப் பொண்ணு, போகட்டும், மன்னிச்சு விட்டுடலாம். மறுமுனையில் மின்விசிறி ஓடுவது கேட்டது. "மேடம்... மன்னிச்சீங்கன்னா அவ செஞ்சான்னு ஆயிடுமே மேடம்." பிலோமினா மெதுவாகப் பேசினாள், கண்ணாடிச் சாமான் மேல் நடக்கிறவள் போல. "அதோட, எக்ஸ்டர்னல் காலைல எழுதிக் குடுத்துட்டு சாயங்காலம் வாபஸ் வாங்கினா, காலேஜ் உங்களுக்கு எதையோ குடுத்துச் சரிக்கட்டுச்சும்பாங்க. பிரின்சிபால் சிஸ்டர் ஒத்துக்கவே மாட்டாங்க. காரணம்னு ஒண்ணு எழுத்துல வேணும் மேடம்." காரணம். தலைவலி என்று சொல்லலாமா, மறுபரிசீலனை என்று சொல்லலாமா, மறுபரிசீலனை நல்ல சொல், உள்ளே எதையும் வைக்காமல் மூடிக் கொடுக்கக்கூடிய சொல், கால் நூற்றாண்டாக அலுவலகக் கடிதங்களில் அப்படிப் பல சொற்களை அவள் புழங்கியிருக்கிறாள். அந்தப் பொண்ணு எங்கே என்று கேட்டாள், நேரம் கடத்தத்தான். "இங்கதான் மேடம், லேப் வாசல்ல. அவங்கப்பா கூட்டிட்டுப் போக வந்திருக்காரு, நகர மாட்டேங்கறா. இன்னொரு தடவ செஞ்சு காட்டறேன், யாராவது மோந்து பாருங்கன்னு போறவங்க வர்றவங்க எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருக்கா. அவங்கப்பாவயும் கேட்டா. நான் மோந்து என்ன சாமி ஆகப் போகுது, வா போலாம்ங்கறாரு."

நீங்க மோந்து பாத்தீங்களா பிலோமினா என்று கேட்டாள் மங்கையர்க்கரசி. காலையில, நான் பக்கத்துல நின்னப்போ? "பாத்தேன் மேடம்." என்ன வந்துச்சு? "விடுங்க மேடம்." சொல்லுங்க. "தப்பா எடுத்துக்காதீங்க." நான் எடுத்துக்கறது இருக்கட்டும், நீங்க சொல்லுங்க. "உங்க சென்ட்தான் மேடம் வந்துச்சு. வேற எதுவும் வரல. லேப் பூரா அதான். பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்குத் தலைவலி வந்து மாத்திர போட்டுச்சுங்க." அத அப்பவே ஏன் சொல்லல? கேட்டுவிட்டாள், அதட்டல் வழக்கம்போலத் தானாக வந்துவிட்டது. குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், விலாசம் சொல்வது போல், "உங்ககிட்ட யாரு மேடம் சொல்றது?" என்று வந்தது. யார் சொல்வது. கூடத்தில் படுக்கும் மனிதர் சொல்லவில்லை, தார்ப்பாயைச் சுருட்டிய ஆட்டோக்காரர் சொல்லவில்லை, கரூரில் அவள் துறையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னல் பக்கம் போயினவே, அவற்றில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. நேருக்கு நேர் பேசுகிறவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, மனசுல ஒண்ணு வெளில ஒண்ணு எனக்குத் தெரியாது என்று மேடைகளில் கூடச் சொல்லியிருக்கிறாள். அந்த நேர்ப்பேச்சு அவளைச் சுற்றி எழுப்பியிருந்த மதிலுக்குள் ஒரு பழம் அழுகினாலும் தெரியாது, ஒரு வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. எரிந்திருந்தால், அந்தப் புகை கூட அவளுக்கு லேசாகத்தான் இருந்திருக்கும்.

"மேம், எதப் பேக் பண்ணட்டும்?" என்று நஸ்ரின் தொலைவிலிருந்து கேட்டாள். கைகாட்டி நிறுத்தினாள். பேனா எடுத்துக்குங்க பிலோமினா, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போட நான் திரும்ப வர்றேன், அதுவரைக்கும் அரக்கு வெக்க விடாதீங்க. "சொல்லுங்க மேடம்." அலுவலகத் தமிழ் வரிசையாக வந்து நின்றது, புலனுணர்வுக் குறைபாடு காரணமாக, மருத்துவச் சூழல் கருதி. எல்லாவற்றையும் தள்ளினாள். "எனக்கு வாசனை தெரியாது" என்றாள். கடை சின்னது, குரல் வகுப்பறைக் குரல். மகளோடு வந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள், நஸ்ரின் கையிலிருந்த சீசாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "எழுதிட்டீங்களா? எனக்கு வாசனை தெரியாது. காபியும் தெரியல, ஆரஞ்சும் தெரியல. அந்தப் பொண்ணு செஞ்ச சோதனை சரியா தப்பான்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. அவ பதில் சொல்லாம நின்னது என் மரியாதைக்காக. இத இப்படியே எழுதுங்க, நல்ல தமிழ்ல மாத்தி எழுதிக் காப்பாத்த வேண்டாம். சோதனைய வேற ஆள் மோந்து பாக்கட்டும், நான் வாசல்லயே நின்னுக்கறேன், உள்ள வரமாட்டேன்." பேனா ஓடும் சத்தம் கேட்டதா, கேட்டதாக அவளாக எண்ணிக்கொண்டாளா, இனி எந்தப் புலனை நம்புவது என்று தெரியவில்லை. மறுமுனையில் இன்னொரு குரல் ஏதோ கேட்டது, பிலோமினா கைபேசியைப் பொத்திப் பதில் சொன்னாள், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மேடம், சிஸ்டர் பக்கத்துல இருக்காங்க. எப்பலேருந்துன்னு கேக்கறாங்க."

மங்கையர்க்கரசி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"போன வருஷமும் எங்களுக்கு நீங்கதானே மேடம் எக்ஸ்டர்னல். ரெண்டு பிள்ளைங்களுக்கு, வாசனையத் தப்பா எழுதியிருக்குன்னு ஃபெயில் போட்டீங்களே. அதான் கேக்கறாங்க." பிலோமினாவின் குரலில் இப்போது தயக்கம் இல்லை. "எப்பலேருந்து மேடம்?"

கதவுக்கு வெளியே சாலை முழுவதும் வெயில் சாய்ந்து கிடந்தது; டீசல் புகை, வாய்க்கால், வடை சட்டி, மனிதர்களின் வியர்வை எல்லாம் அங்கே இருந்தாக வேண்டும். அவள் கதவைத் தள்ளித் திறந்து, அதன் நடுவில் போய் நின்று, மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"தெரியாது" என்றாள். "அதையும் எழுதிக்குங்க."